சேங்கொட்டைக் கோடுகள்

எங்கள் வீட்டுக் குறி இரண்டு நேர்கோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் ஒரு சாய்கோடும். அப்பாவின் வேட்டி என்றால் கோடுகளுக்கு மேலே ஒரு புள்ளி. அம்மாவின் சேலை என்றால் கீழே ஒரு புள்ளி. என் துணியில் வலப்பக்கம் உளுந்து அளவுக்கு ஒரு முக்கோணம். எனக்கென்று தனியாகச் சட்டை தைத்த நாளில், எங்களுக்குத் துணி வெளுத்த உலகம்மாள் யோசித்துப் போட்டது அது.

தென்காசியில் எங்கள் தெருவில் பதினெட்டு வீடுகளுக்கு அவள் வெளுத்தாள். ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால், அங்கே இரண்டு பங்களாக்களின் விரிப்புகளும் தலையணை உறைகளும் சேர்ந்துகொள்ளும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நூறு உருப்படியைக் கரையில் குவித்தாலும் ஓரத்தைப் புரட்டிப் பார்த்து, எந்த வீடு, யாருடையது என்று பேச்சை நிறுத்தாமலே பிரித்துப் போட்டுவிடுவாள். திருட்டுப்போன துணி எங்காவது அகப்பட்டால் ஏட்டு முகம்மது இஸ்மாயில் நேரே அவளிடம்தான் கொண்டுவருவார். அவள் சொன்னால் சொன்னதுதான். “உலகம்மா, ஸ்டேஷன்ல ஒனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லி எழுதணும்” என்பார். “அத வெளுக்கவும் என்கிட்டதான் அனுப்புவீயளா?” என்பாள் அவள்.

குறி போடுவதற்குச் சேங்கொட்டை. கொட்டையை அனலில் காட்டி, ஊசியால் குத்தினால் கறுப்பாகப் பால் கசியும். கருவேல முள்ளின் நுனியால் அதைத் தொட்டுத் துணியில் கோடு இழுக்க வேண்டும். மேலே கொஞ்சம் சுண்ணாம்பு தடவினால் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வெள்ளாவியில் வைத்தாலும் கல்லில் அடித்தாலும் அந்தக் கறுப்பு போகாது. துணி நைந்து கிழிந்த பிறகும் குறி மட்டும் இருக்கும். பால் கையில் பட்டால் புண்ணாகும். துணியெல்லாம் வெள்ளையாகக் கொண்டுவந்து கொடுப்பவளின் வலது கை விரல்நுனிகள் எப்போதும் கறுத்துத் தோலுரிந்தே இருந்தன.

அவள் வீட்டுத் துணிக்குக் குறி கிடையாது. குறி என்பதே துணியைப் பிரித்தெடுப்பதற்காக. எல்லா வீட்டுத் துணிகளையும் பிரித்து அடுக்கிய பிறகு மிஞ்சுவது எதுவோ அது அவளுடையது. அதற்கு எதற்குக் குறி?

புருஷன் இறந்தபோது அவள் மகன் இசக்கிப்பாண்டிக்கு ஆறு வயது. அவனும் நானும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். வளர்ந்த பிறகு உயரமும் உடம்புவாகும்கூட ஒன்றாகவே இருந்தன. நான் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அவன் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, டைப்ரைட்டிங் பழகிக்கொண்டு, காலையில் அம்மாவோடு ஆற்றில் துணி வெளுக்கும் துறைக்குப் போவான். தெருவில் சாவு விழுந்தால் பாடைக்கு முன்னால் வெள்ளை வேட்டிகளை மாற்றாக விரித்துக்கொண்டு போக வேண்டியவனும் அவன்தான். அந்த வேலைக்கு வரும்போது மட்டும் யார் முகத்தையும் பார்க்க மாட்டான்.

1959, ஆடி மாதம். குற்றாலத்தில் ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலைக்கு அவனுக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. அவனிடம் இரண்டு சட்டைகள். ஒன்று முழங்கையில் கிழிந்தது, இன்னொன்று காலரில். உலகம்மாள் இரண்டு நாள் யோசித்தாளாம். வெளுக்க வந்த துணியைக் கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் ஒருநாள் இரவல் கொடுப்பது சில இடங்களில் நடப்பதுதான். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிடுவார்கள். அவள் மட்டும் ஒருநாளும் செய்ததில்லை. எங்கள் தெரு அவளைக் கொண்டாடியதற்குக் காரணமே அதுதான். மூன்றாம் நாள் அவள் என் சட்டை ஒன்றை எடுத்தாள். ஒரே பாப்ளின் துண்டில் தைத்த நான்கு வெள்ளைச் சட்டைகள் எனக்கு. எது ஹாஸ்டலில் இருக்கிறது, எது வெளுக்கப் போயிருக்கிறது என்று என் அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. சனிக்கிழமை எங்கள் வீட்டு உருப்படி கொடுக்கும் நாள். பாண்டி புறப்படும்போது அவள் சொன்னதைப் பின்னால் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல்.

“வரும்போது பஸ்ஸுல ஏறாதலே. சீசன் கூட்டத்துல நசுக்கிருவானுவ. நடந்தே வந்துரு. கசங்காமக் கொண்டு வா.”

அவன் சிரித்திருக்கிறான். “வேல கெடச்சா மொத மாசமே இதே மாதிரி ஒண்ணு தச்சிருதேன். அதுக்கு நீ ஒரு குறி போடணும்.”

“நம்ம துணிக்கு எதுக்குலே குறி?”

“குமாஸ்தா வீடுன்னு ஒண்ணு வேண்டாமா?”

“அதுக்கு யோசிக்கணும்லா” என்றாளாம் அவள்.

இன்டர்வியூ முடியப் பிற்பகலாகிவிட்டது. சான்றிதழ்ப் புத்தகத்தை அவர்களே பார்வைக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவன் இலஞ்சி வழியாக நடந்தான். மழை வலுத்திருக்க வேண்டும். சட்டையைக் கழற்றி, மடித்து, சான்றிதழைச் சுற்றிக் கொண்டுபோன மெழுகுத் துணியில் சுற்றி, இடுப்பில் துண்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். ரோட்டோடு வந்தால் சுற்று. ஆற்றில் இறங்கிக் கடந்தால் பாதி வழி மிச்சம். சட்டையைத் திரும்ப வெளுத்துக் காயவைக்க நேரம் கிடைக்கும். சிற்றாற்றில் மலைத் தண்ணீர் எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியாததல்ல. அந்த ஆற்றிலேயே வளர்ந்தவன்.

திங்கட்கிழமை காலையில் கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு கால்வாய் மதகில் உடல் ஒதுங்கியது. மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. முகம் என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. இடுப்பில் கட்டிய பொட்டலம் மட்டும் அவிழாமல் இருந்தது. ஏட்டு இஸ்மாயில் அதைப் பிரித்து, காலரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு தென்காசித் துறைக்கு வந்தார்.

அந்த மூன்று நாளும் உலகம்மாள் குற்றாலத்துக்கும் இலஞ்சிக்கும் நடந்துகொண்டிருந்தாள். கேட்டவர்களிடம், பாண்டிக்குப் பங்களாவில் சீசன் வேலை கிடைத்திருக்கிறது, அங்கேயே தங்கிவிட்டான் என்றாள். வேறெப்படிச் சொல்வது? சட்டையும் அவனோடு போயிருந்தது. எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமை ஓர் உருப்படி குறைவாகப் போனது, யாரும் கவனிக்கவில்லை.

ஏட்டு துறையில் அவளைக் கூப்பிட்டுச் சட்டையை நீட்டினார். அன்றைக்கு அவர் கேலி பேசவில்லை. எந்த வீட்டுக் குறி என்று மட்டும் கேட்டார். அவள் காலரைப் பார்க்கவில்லை என்று அவர் பின்னால் சொன்னார். சட்டை மடிந்திருந்த மடிப்பைத்தான் பார்த்தாளாம். கை இரண்டையும் உள்ளே வைத்து மூன்றாய் மடித்த மடிப்பு, அவளும் அவள் மகனும் மடிக்கிற மடிப்பு. ஆனால் அதற்கு அவருக்கு அர்த்தம் தெரியவில்லை. வெளுத்து வந்த சட்டை எல்லாமே அப்படித்தானே இருக்கும்?

“ஆவுடைநாயகம் பிள்ளை வீடு” என்றாள்.

“யாரு துணி?”

“முக்கோணம் அவுக மகனுக்கு.”

ஏட்டு சட்டையை வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தார்.

நான் அன்று ஹாஸ்டலில் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குப் போகிறேன் என்று வார்டனிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, சிவகிரியில் நண்பன் ஒருவனின் ஊர் அம்மன் கொடைக்குப் போயிருந்தேன். வீட்டுக்குச் சொல்லவில்லை; சொன்னால் அப்பா விட மாட்டார். அங்கே காய்ச்சல் கண்டு இரண்டு நாள் கூடத் தங்கிவிட்டேன். அப்பா ஹாஸ்டலுக்குத் தந்தி கொடுத்தார். வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் புறப்பட்டாயிற்று என்று பதில் தந்தி வந்தது. அதற்குமேல் சந்தேகப்பட அவருக்கு என்ன இருந்தது? மதகுக்குப் போய் உயரத்தையும் தோளையும் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

முடிந்தது என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். அன்றைய பகலை அம்மா சொல்லிச் சொல்லி, நான் பார்த்த மாதிரியே ஆகிவிட்டது. தெருவே கூடியது. அம்மா தரையில் விழுந்து என் பெயரைச் சொல்லி அழுதாள். உலகம்மாள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். வேலைக்காரர்கள் எட்டி நிற்கிற வீடு அது. அன்று அதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. நம்ம உலகம்மாளுக்குத்தான் எவ்வளவு பாசம் என்று பெண்கள் சொன்னார்களாம்.

பாடை எடுக்கும் நேரத்தில் மாற்று விரிக்க ஆளில்லை. பாண்டி எங்கே என்று கேட்டார்கள். எங்கள் பெரியப்பா கத்தினார்.

“சாவு வீட்டுக்குக்கூட வராம அப்படி என்ன துரைக்கு வேல? நாலு எழுத்துப் படிச்சா இதுதான். ஏட்டி, அவன் வரட்டும், இந்தத் தெருவுல கால் வைக்கச் சொல்லு, பாப்போம்.”

“அவன் வரமாட்டான் அய்யா” என்றாள் உலகம்மாள். “நான் விரிக்கேன்.”

பொம்பளை சுடுகாடு வரைக்கும் போவதா என்று ஒரு பேச்சு எழுந்தது. நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். அவள் ஒரு வேட்டியை விரிப்பாள். பாடை தூக்குகிறவர்கள் அதன்மேல் நடப்பார்கள். அதற்குள் முன்னால் ஓடி அடுத்த வேட்டியை விரிப்பாள். பின்னால் வந்து முதல் வேட்டியைச் சுருட்டுவாள். தெருமுனையிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் அப்படியே குனிந்தபடி போனாள். அவள் மகனை என் பெயர் சொல்லிக்கொண்டு போனார்கள். கரையில் ஐயர் என் பெயரைச் சொல்லி மந்திரம் ஓதினார். என் அப்பா தீ வைத்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை நான் சிவகிரியிலிருந்து திரும்பினேன். பாளையங்கோட்டைக்கு பஸ் மாறத் தென்காசியில் இறங்கினேன். வீட்டுக்குப் போகிற எண்ணமே இல்லை. பஸ் நிலையத்தில் சோடாக் கடைக்காரர் நல்லதம்பி என்னைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த பாட்டிலை நழுவவிட்டார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். நான் எதற்கென்று கேட்கிறேன், அவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

வாசலில் பந்தல். எரித்த இடத்தில் பால் தெளிக்கும் காடாற்றுக்குச் செம்போடு ஆட்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாலையிலேயே போய் அள்ளிவந்த சாம்பல், வாய் கட்டிய ஒரு புதுக் கலயத்தில் முற்றத்து ஓரமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அம்மா எழுந்து வந்து என் முகத்தைத் தடவினாள், மூக்கை, காதை, கழுத்தை. பிறகு மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகுதான் வீடு உடைந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக. பெரியப்பா தேங்காய் கொண்டுவரச் சொன்னார். ஒருவர் என் முதுகில் அடித்து, “ஏலே, ஒன் காடாத்துக்கு நீயே வந்துட்டியே, பால் செம்பப் புடி” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்று நினைவு.

அப்பா மட்டும்தான் சிரிக்கவில்லை. கலயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நேத்து நான் யாருக்குக் கொள்ளி வச்சேன்?” என்றார்.

சிரிப்பு மெதுவாக அடங்கியது. கிணற்றடியில், சுருட்டிய மாற்று வேட்டிகளுக்குப் பக்கத்தில், உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் இருப்பதையே யாரும் பார்த்திருக்கவில்லை. எழுந்து அம்மாவிடம் வந்தாள்.

“ஆச்சி, அந்தச் சாம்பல எனக்குக் குடுத்துருங்க.”

யாருக்கும் புரியவில்லை. அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது.

“ஏட்டி, தெரிஞ்சேதான் நேத்துப் பூரா எங்கூட ஒக்காந்து அழுதியா?”

“ஆமா ஆச்சி.”

அம்மா அவளை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். அப்பா கலயத்தைத் தூக்கிக்கொண்டு வந்து உலகம்மாள் கையில் கொடுத்தார். கையில் கொடுத்ததை நான் பார்த்தேன். அதற்குமுன் எங்கள் வீட்டில் அவளுக்கு எதையும் கீழேதான் வைப்பார்கள்.

அன்று மாலையே தெருவில் கூட்டம் போட்டார்கள். துணியை இரவல் கொடுத்தது ஒன்று. நம்முடைய சுடுகாட்டில், நம்முடைய மந்திரத்தில், அவள் பிள்ளையை எரிக்க விட்டது இன்னொன்று. ஏதாவது பரிகாரம் செய்ய வேண்டும், அவளை நிறுத்த வேண்டும் என்றார்கள். “எரிஞ்சது எரிஞ்சாச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா எழுந்து வந்துவிட்டார். அந்த மாதத்துக்குள் பதினெட்டில் பதினொரு வீடுகள் அவளை விட்டுவிட்டன. நாங்கள் விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் துணியை மட்டும் அம்மா அவளிடம் போடவில்லை. இறக்கிற வரைக்கும் அம்மாவே கிணற்றடியில் அடித்துத் துவைத்தாள். அது கோபமா பயமா என்று நான் கேட்டதில்லை.

ஆற்றில் கரைக்க ஆண்பிள்ளை வேண்டும். நான் வருகிறேன் என்றேன். அப்பா தடுக்கவில்லை. குற்றாலத்தில் பேரருவிக்குப் பக்கத்தில், சீசன் கூட்டம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்க, ஓர் ஓரத்தில் நானும் உலகம்மாளும் ஐயரும். தண்ணீரின் சத்தத்தில் அவர் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

“இறந்தவர் பேர்?”

அவள் சொன்னாள்.

“இசக்கிப்பாண்டி.”

ஐயருக்குக் கேட்கவில்லை. அவள் மறுபடி சத்தமாகச் சொன்னாள். இன்னொரு முறையும் சொன்னாள், யாரும் கேட்காமலே.

திரும்பி வரும்போது, அவளாகவே சொன்னாள்.

“ஏட்டையா குறியத்தான் கேட்டாரு. ஆளக் கேக்கல. ஆச்சிகிட்ட வந்து சொல்லிரணும்னுதான் வந்தேன் தம்பி. வந்து பாத்தா, அங்க அவனுக்கு அழுதுக்கிட்டிருக்காவ, ஊரே அழுவுது. எனக்குன்னா யாரு அழப்போறா? அதான் நானும் ஒக்காந்துட்டேன். ஒரு பகல்தான்னு நெனச்சேன். ஒங்க பேரச் சொல்லுவாகன்னு அப்ப நெனப்பு வரல.”

காகிதங்களைத் திருத்த இஸ்மாயில் இரண்டு மாதம் அலைந்தார். சான்றிதழ்ப் புத்தகத்தை அந்த ஆபீசிலிருந்து நான் போய் வாங்கிவந்தேன். கடைசியில் சட்டை மிஞ்சியது. குறிப்படி அது எங்களுடையது. அப்பா, அவளிடமே கொடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். புரட்டாசியில் அது அவள் கைக்குப் போனது.

பி.ஏ. முடித்து, இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன். போகிற வழியில்தான் அவள் குடிசை. ஒரு நாள் மாலையில் பார்த்தேன். இஸ்திரி போடும் பலகையில் அந்தச் சட்டையை விரித்து, பக்கத்தில் அனலில் சேங்கொட்டை வைத்து, முள்ளால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். முதலில் அவள் குறியை அழிக்கத்தான் பார்த்திருக்கிறாள். உவர்மண்ணில் ஊறவைத்தாள், வெள்ளாவியில் வைத்தாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள். அவளே போட்ட குறி. அது போகாது என்று அவளுக்குத் தெரியாதா? அழியாது என்று ஆன பிறகு, அந்த முக்கோணத்தின் ஒரு முனையிலிருந்து வெளியே ஒரு கோடு இழுத்தாள். அங்கிருந்து ஆரம்பித்தது.

நான் பார்த்தபோது காலர் முழுக்கக் கோடுகள். முக்கோணத்தின் மூன்று முனைகளிலிருந்தும் மூன்று கோடுகள் ஓடி, தையல் ஓரத்தில் முட்டித் திரும்பி, ஒன்றையொன்று வெட்டின. வெட்டிய இடங்களில் சிறு கட்டங்கள். சில கட்டங்களை நெருக்கமான சாய்கோடுகளால் அடைத்திருந்தாள். சிலவற்றை வெறுமையாக விட்டிருந்தாள். பூ இல்லை, இலை இல்லை, கிளியோ மயிலோ எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு கோடு, மூன்று கோடு, அதற்குமேல் இழுக்க மாட்டாள். இழுத்தவுடன் சுண்ணாம்பு தடவிவிட்டு, தள்ளி உட்கார்ந்து பார்ப்பாள்.

கோலமா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, கோலத்துக்குப் புள்ளி எண்ண வேண்டும், இது எண்ணிக்கையில் வருவதில்லை என்றாளாம். யாரோ சூனியம் என்றார்கள். எவன் வீட்டுச் சட்டைக்குச் சூனியம் வைக்கிறாளோ என்று எங்கள் தெருவிலும் பேச்சு வந்தது. ஒரு நாள் நானே கேட்டேன்.

“வீட்டுக் குறிதான் தம்பி” என்றாள். “அவன் கேட்டான்லா. யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

அடுத்த நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் அடிக்கோல் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அளவு விரல்தான். இரண்டு கோட்டுக்கு நடுவே சுண்டுவிரல் கிடக்க வேண்டும். வளைவுக்குச் சோற்றுக் கிண்ணம்கூட வைக்கவில்லை. வளைவே அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. கணக்கு வாத்தியார் என்ற பழக்கத்தில் அதில் ஏதாவது ஒழுங்கு கிடைக்கிறதா என்று நான் நின்று தேடுவேன். இந்த இணைகோடுகள் தோள்பட்டையில் போய்ச் சேருமா, இந்தக் கோணம் மறுபக்கம் திரும்ப வருமா என்று. வராது. வரும் என்று நினைக்கிற இடத்தில் நின்றுவிடும்.

காலரிலிருந்து தோளுக்கு வந்தது. தோளிலிருந்து முதுகுக்கு. நான்காவது வருஷம் சட்டையின் இரண்டு கைகளும் நிறைந்திருந்தன. விரல்களில் புண் ஆறவே இல்லை. வெளுக்கிற வீடுகள் ஏழாக இருந்ததில் அவளுக்குப் பொழுதும் இருந்தது. அப்பா இறந்தபோது வந்து மாற்று விரித்தாள். அன்று ஒருவரும் பொம்பளை என்று பேசவில்லை.

1963-இல் ஒரு மாலை, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கூப்பிட்டாள். சட்டையை இரண்டு கையாலும் எனக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். வெள்ளையே குறைவாகத்தான் தெரிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு வலை மாதிரி இருக்கும். கிட்டே வந்தால் ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு வடிவம்.

“தம்பி, ஒங்க வீட்டுக் குறி இதுல எங்கன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். இரண்டு நேர்கோடுகளையும் நீட்டிச் சதுரங்களுக்குள் விட்டிருந்தாள். சாய்கோட்டை அது போலப் பத்துச் சாய்கோடுகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தாள். புதிதாகப் பார்க்கிற யாருக்கும் தெரியாது. ஆனால் சின்ன வயதிலிருந்து என் கழுத்தில் இருந்த குறி அது. உளுந்து அளவு முக்கோணம், காலரின் உள்பக்கம், வலது ஓரத்திலிருந்து மூன்று விரல் தள்ளி. பார்த்த உடனே கண் அங்கேதான் போனது.

காலரைப் புரட்டினேன், தோளைப் பார்த்தேன், முதுகைத் திருப்பினேன். நேரம் எடுத்துக்கொண்டேன்.

“தெரியல” என்றேன்.

“நல்லாப் பாருங்க.”

“இல்ல உலகம்மா. இதுல எங்க குறி இல்ல.”

“அப்பச் சரி” என்றாள். சட்டையை மடித்தாள், கை இரண்டையும் உள்ளே வைத்து, மூன்றாக.

இரண்டு நாள் கழித்துப் போனபோது சட்டை கொடியில் கிடந்தது. அவள் துறையிலிருந்து வந்திருக்கவில்லை. நான் காலரைப் புரட்டிப் பார்த்தேன். அந்த முக்கோணத்தின் மேலே, அதை நடுவில் பிளந்து, புதிதாக ஒரு கோடு போயிருந்தது. அதன் சுண்ணாம்புகூட உதிரவில்லை. நூறு உருப்படியைப் பேசிக்கொண்டே பிரிக்கிறவள். என் கண் எங்கே நின்றது என்று பார்க்காமலா இருந்திருப்பாள்? அதற்குப் பிறகு அவள் அந்தச் சட்டையில் ஒரு கோடும் இழுக்கவில்லை.

போன ஐப்பசியில் மழைக்காய்ச்சல் வந்து உலகம்மாள் இறந்தாள். நாற்பத்தெட்டு வயதிருக்கலாம். எங்கள் தெருவிலிருந்து நான் மட்டும் போயிருந்தேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இஸ்மாயிலும் வந்திருந்தார். கீழப்பாவூரிலிருந்து அவளுக்கு அண்ணன் முறையான ஒருவர் வந்திருந்தார், அவரும் வெளுக்கிறவர். மேலே போர்த்த என்ன இருக்கிறது என்று பெட்டியைத் திறந்தார்கள். சான்றிதழ்ப் புத்தகத்தின் மேல் அந்தச் சட்டை மடித்து வைத்திருந்தது.

அவர் அதை விரித்தார். பழக்கத்தில் கை முதலில் காலருக்குத்தான் போனது. உள்பக்கம் புரட்டி, வெளிச்சத்துக்குத் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். நாற்பது வருஷமாகக் குறி பார்க்கிற கண். பிறகு எங்களைப் பார்த்தார்.

“இது எந்த வீட்டுக் குறி அண்ணாச்சி? எனக்குப் பிடிபடலியே.”

இஸ்மாயில் என்னைப் பார்த்தார்.

“இவ வீட்டுக் குறிதான்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சட்டையை அவள் மார்பின்மேல் போட்டு, கசங்கல் இல்லாமல் நீவிவிட்டார்.